அடுப்பை அணைத்த பிறகும் வேகும் குழம்பு

கேள்வி இது: "விடுமுறை நாட்களில் இறைச்சியும் பயறும் போட்டு மூன்று, நான்கு மணி நேரம் மெதுவாக வேகவைத்துக் கெட்டியான குழம்பு செய்கிறேன். சுவை பிடித்திருக்கிறது, எரிபொருள் செலவுதான் உறுத்துகிறது. ஸ்லோ குக்கர் வாங்கினால் மிச்சமாகுமா? வேறு வழி இருக்கிறதா?"

ஸ்லோ குக்கர் (குறைந்த வாட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரம்) வாங்கினால் ஓவனைவிட மிச்சமாகும். திறந்த பாத்திரத்தில் மணிக்கணக்காகக் கொதிக்க விடுவதைவிடவும் மிச்சமாகும். ஆனால் அதைவிடச் சிக்கனமான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பிரஷர் குக்கர். இன்னொன்று, கொதித்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக் கதகதப்பாகப் பொதிந்து வைப்பது. இரண்டாவது வழிக்கு ஒரு சமையல் வெப்பமானியைத் தவிர நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக அப்படித்தான் சமைக்கிறேன். அது ஏன் வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். காரணம் தெரியாமல் செய்தால் பயறு வேகாமல் போகும், சில நேரம் வயிறும் கெடும்.

முதலில் கணக்கு. இறைச்சி, காய், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 3 கிலோ குழம்பு என்று வைத்துக்கொள்வோம். அதை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 900 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மின்சாரக் கணக்கில் அது கால் யூனிட். (ஒப்பிட வசதியாக எரிவாயுவையும் யூனிட்டிலேயே சொல்கிறேன்.) குழம்பு கொதிக்கத் தொடங்கிய பிறகு, அது வேகுவதற்கென்று புதிதாக ஆற்றல் ஏறக்குறைய எதுவும் தேவைப்படுவதில்லை. இறைச்சியின் நார் இளகுவதும் பயறு மிருதுவாவதும் அந்தச் சூட்டிலேயே நேரம் கழியக் கழிய நடப்பவை. அப்படியென்றால் மூன்று மணி நேரம் அடுப்பு எதற்காக எரிகிறது? பாத்திரத்தின் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் ஆவியாகவும் வெளியேறும் சூட்டை ஈடுகட்டத்தான். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு குழம்புக்குப் போவதில்லை, சமையலறைக் காற்றைச் சூடாக்கத்தான் போகிறது.

இதில் மிகப் பெரிய திருடன் ஆவி. ஒரு லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து கொதிக்கவைக்க 0.09 யூனிட் போதும். அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் போக 0.63 யூனிட் பிடிக்கிறது, அதாவது ஏழு மடங்கு. மூடியில்லாமல் மூன்று மணி நேரம் தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்திலிருந்து ஒன்றரை லிட்டர் ஆவியாவது பெரிய விஷயமில்லை. அதற்கு மட்டும் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிவிடுகிறது. குழம்பைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆன செலவு கால் யூனிட்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பலமாகக் கொதித்தால் சீக்கிரம் வேகும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. மெல்லக் குமிழிடும் குழம்பும் பொங்கிக் குதிக்கும் குழம்பும் ஒரே 100 டிகிரியில்தான் இருக்கின்றன. தீயைக் கூட்டினால் ஆவி கூடும், சூடு கூடாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்ப்சன் இதை எடுத்துச் சொல்லி, எரிபொருளை வீணாக்கும் சமையலறைகளைச் சாடினார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நம் அடுப்புகளில் அது உறைக்கவில்லை. ஆகவே, வேறு எதையும் மாற்றாவிட்டாலும் சரியாகப் பொருந்தும் மூடியைப் போடுங்கள். குமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும் அளவுக்குத் தீயைக் குறையுங்கள். செலவு பாதிக்கு அருகில் இறங்கும்.

மூடி போட்ட பிறகும் பாத்திரத்தின் மேற்பரப்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். நடுத்தர அளவுப் பாத்திரம் கொதிநிலையில் இருக்கும்போது ஏறத்தாழ 150 வாட் அளவுக்கு இழக்கிறது என்று கணக்கிடலாம். மூன்று மணி நேரத்துக்கு அது அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. எரிவாயு அடுப்பின் சூட்டில் நாற்பது சதவீதம் அளவே பாத்திரத்துக்குள் போகிறது, மீதி பக்கவாட்டில் எழுந்து போய்விடுகிறது. இண்டக்ஷன் அடுப்பில் எண்பத்தைந்து சதவீதம் அளவுக்குப் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். எரிவாயுவில் சமைத்தால் இதுவரை சொன்ன யூனிட் கணக்கு ஒவ்வொன்றையும் இரண்டரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கால் யூனிட் கொதிக்கவைக்கும் வேலைக்கு ஏறத்தாழ 50 கிராம் சமையல் எரிவாயு ஆகும். மூடியில்லாமல் போன ஒன்றரை லிட்டர் ஆவிக்கு அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் ஆகும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஸ்லோ குக்கர் குறைந்த வாட்டில் ஓடுவதால் செலவே இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதன் பீங்கான் பாத்திரத்தைச் சுற்றிப் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படியான வெப்பக் காப்பு எதுவும் இல்லை. வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு முழுவதும் இழப்புதான். 150 முதல் 200 வாட் வரை இழுக்கும் கருவி எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 முதல் 1.6 யூனிட் ஆகிறது. ஓவனில் மூன்று மணி நேரம் வைத்தால் இரண்டு யூனிட்டைத் தாண்டிவிடும். அந்த வகையில் ஸ்லோ குக்கர் மேல். ஆனால் மூடிய பாத்திரத்தை இண்டக்ஷனில் மெதுவாக மூன்று மணி நேரம் வைத்தால் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஸ்லோ குக்கரின் உண்மையான சிறப்பு, பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம் என்பது. நாள் முழுதும் வெளியே இருப்பவர்களுக்கு அது பெரிய உதவிதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவி என்று மட்டும் நினைத்து வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் அதையே சிக்கனமாக ஓட்டலாம். பல கருவிகளில் 'லோ', 'ஹை' இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், போய்ச் சேரும் வேகம்தான் வேறு. 250 வாட்டில் நான்கு மணி நேரம் ஒரு யூனிட், 180 வாட்டில் எட்டு மணி நேரம் ஒன்றரைக்கு அருகில். வீட்டில் இருக்கும் நாளில் 'ஹை' வைப்பதே லாபம். குளிர்ந்த தண்ணீருக்குப் பதில் கொதித்த தண்ணீரை ஊற்றித் தொடங்குங்கள். நடுவில் மூடியைத் திறந்து கிளறாதீர்கள். திறந்தால் இழந்த சூட்டை அந்தச் சிறிய வாட் மெதுவாகத்தான் மீட்கும். முடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடலாம், கனமான பீங்கான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காய்கறியை அடியில் போடுங்கள், இறைச்சியை மேலே வையுங்கள். கேட்கத் தலைகீழாகத் தோன்றும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிரஷர் குக்கர் வேறு தத்துவத்தில் வேலை செய்கிறது. 1679இல் டெனி பாப்பின் எலும்பை இளக்குவதற்காக உருவாக்கிய ஆவிப் பாத்திரத்திலிருந்து இன்றைய குக்கர் வரை ஒரே அடிப்படைதான்: ஆவியை வெளியேற விடாமல் அடைத்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். வீட்டுக் குக்கரில் அது 120 டிகிரி வரை போகிறது. அந்த இருபது டிகிரியால் மூன்று மணி நேர வேலை நாற்பது, ஐம்பது நிமிடத்தில் முடிகிறது. சூட்டை இழக்கும் நேரம் சுருங்குவதால் செலவும் சுருங்குகிறது. கொதிக்கவைக்கும் கால் யூனிட்டோடு இன்னும் கொஞ்சம், மொத்தத்தில் இண்டக்ஷனில் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

குக்கரில் பலர் செய்யும் ஒரே தவறு விசிலை எண்ணுவது. ஒவ்வொரு விசிலும் வெளியே வீசப்படும் ஆவி, அதற்கான விலையை மேலே பார்த்தோம். எத்தனை விசில் என்பது தீயின் அளவையும் வெயிட்டின் எடையையும் பொறுத்து மாறும். அது நேரத்தை அளக்கும் வழியே அல்ல. முழு அழுத்தம் வந்ததும் தீயை மிகக் குறைத்து, வெயிட் மெல்லச் சீறும் நிலையில் நிறுத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். நாற்பது நிமிடம் தேவைப்படும் இடத்தில் முப்பதில் அணைத்துவிட்டு அழுத்தம் தானாக இறங்க விடுங்கள். இறங்கும் அந்தப் பதினைந்து நிமிடமும் உள்ளே 100 டிகிரிக்கு மேல்தான். அதற்குக் காசு கிடையாது. குக்கர் மேல் தண்ணீரை ஊற்றி அழுத்தத்தை இறக்குவது, காசு கொடுத்து வாங்கிய சூட்டைத் தொட்டியில் கொட்டுவதற்குச் சமம். கேஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்தால் உடனே மாற்றுங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த வழி, கொதித்த பாத்திரத்தைப் பொதிந்து வைப்பது. இதை வைக்கோல் பெட்டி என்பார்கள். 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், தானே சமைக்கும் நார்வே நாட்டுக் கருவி என்ற பெயரில் இப்படியொரு பெட்டி வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருள் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் அரசே இதைப் பயன்படுத்தும்படி மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பிறகு எரிபொருள் மலிந்தது, பெட்டி மறைந்தது. 2008இல் தென்னாப்பிரிக்காவில் சாரா காலின்ஸ் தொடங்கிய 'ஒண்டர்பேக்' என்ற வெப்பக் காப்புப் பையும், இரட்டைச் சுவர் கொண்ட வெற்றிடப் பாத்திரங்களும் அதே எண்ணத்தின் இன்றைய வடிவங்கள்தான்.

செய்முறை எளியது. குழம்பை நன்றாகக் கொதிக்க விடுங்கள். மூடி போட்டு மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். இறைச்சித் துண்டு பெரியதென்றால் இருபது நிமிடம். இந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை யாரும் சுருக்கக் கூடாது. தண்ணீர் கொதிப்பதால் துண்டின் நடுவும் கொதிநிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நடுப்பகுதி குளிர்ச்சியாக இருந்தால், பெட்டிக்குள் போன பிறகு அது சுற்றியுள்ள குழம்பின் சூட்டை உறிஞ்சி மொத்தத்தையும் பத்துப் பதினைந்து டிகிரி இறக்கிவிடும். பிறகு மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, ஒரு தடித்த துண்டால் சுற்றி, பெட்டிக்குள் வைத்து, மேலேயும் மெத்தை போல மூடிவிடுங்கள். மூன்று, நான்கு மணி நேரம் தொடாதீர்கள். அடுப்பில் ஆகும் நேரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்பது என் வழிகாட்டி. பரிமாறும் முன் ஒருமுறை கொதிக்க விடுங்கள்.

பெட்டி எதுவாகவும் இருக்கலாம். தடித்த அட்டைப்பெட்டி, மரப்பெட்டி, ஐஸ் வைத்து எடுத்துச் செல்லும் பெட்டி எல்லாம் சரி. பாத்திரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது பத்து சென்டிமீட்டர் தடிமனுக்குக் காப்பு வேண்டும். அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். மேல்பக்கம் அதைவிட முக்கியம், சூடான காற்று எழுவது அங்கேதான். வைக்கோல், பஞ்சு, கம்பளிப் போர்வை, பழைய துணி, கிழித்துக் கசக்கிய செய்தித்தாள் எதுவானாலும் வேலை செய்வது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. அதனால் இறுக்கித் திணிக்க வேண்டாம், காற்று அசைய முடியாத அளவுக்கு நிரப்பினால் போதும். ஈரம் பட்டால் காப்பு பாதியாகிவிடும். அதனால்தான் உள்ளே ஒரு துண்டு: மூடியிலிருந்து கசியும் ஆவியை அது வாங்கிக்கொள்ளும், அதை மட்டும் உலர்த்தினால் போதும். தெர்மோகோல் பெட்டியில் கொதிக்கும் பாத்திரத்தை நேரடியாக வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் அது இளகும். உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டினால் கதிர்வீச்சாகப் போகும் சூடும் திரும்பும். நீண்ட கைப்பிடி இல்லாத, சிறிய காதுகள் மட்டும் உள்ள பாத்திரம்தான் பெட்டிக்குள் அடங்கும்.

பாத்திரம் நிறைந்திருக்க வேண்டும். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன், தோல்விகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. சூட்டைப் பிடித்து வைப்பது குழம்பின் எடை, இழப்பது அதன் மேற்பரப்பு. அளவு பெருகும்போது எடை வேகமாகவும் மேற்பரப்பு மெதுவாகவும் கூடுகிறது. நன்றாகப் பொதிந்த 5 லிட்டர் குழம்பு மணிக்கு நான்கைந்து டிகிரி மட்டுமே இறங்கும். நான்கு மணி நேரம் கழித்தும் 80 டிகிரிக்கு அருகில் இருக்கும். அதே பெட்டியில் ஒரு லிட்டர் வைத்தால் அதைப்போல இருமடங்கு வேகத்தில் இறங்கிவிடும். முக்கால் பாத்திரத்துக்குக் குறைவாக இருந்தால் மேலே இருக்கும் காலி இடமும் சூட்டைத் தின்னும். நான் முதன்முதலில் செய்தபோது பெரிய பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்பி வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கடினமான துண்டுகள் கிடந்தன. அதை அப்படியே கொட்டிவிட்டேன், கொட்டியது சரிதான். ஒருவர், இருவருக்கான அளவு என்றால் பெட்டியை விட்டுவிடுங்கள், அகன்ற வாய் கொண்ட வெற்றிடக் குடுவையைப் பயன்படுத்துங்கள். முதலில் அதில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, அதைக் கொட்டிய பிறகு குழம்பை ஊற்றுங்கள்.

எது இந்த முறைக்குப் பொருந்தும், எது பொருந்தாது? இறைச்சியில் கடினமான பகுதி கொலாஜன் என்ற இணைப்புத் திசு. அது 70 டிகிரிக்கு மேல் மெதுவாக ஜெலட்டினாக இளகத் தொடங்குகிறது, 80, 90 டிகிரியில் சில மணி நேரத்தில் நன்றாக இளகிவிடும். குழம்புக்கு வரும் அந்த வழவழப்பான அடர்த்தி அதிலிருந்து வருவது. மறுபக்கம், தசை நார்கள் சூடு கூடக் கூடச் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. பலமாகக் கொதித்த இறைச்சி குழம்பில் ஊறிக்கொண்டே உலர்ந்து போவது இதனால்தான். 95இல் தொடங்கி 80க்கு மெல்ல இறங்கும் பெட்டியின் சூடு, கழுத்து, கால், தொடை போன்ற உழைத்த பகுதிகளுக்கென்றே அமைந்தது போன்றது. அடுப்பில் எத்தனை கவனமாக நின்றாலும் இவ்வளவு சீரான இறக்கம் எனக்கு வாய்த்ததில்லை.

தாவரங்கள் வேறு கதை. காய், கிழங்கு, பயறு இவற்றின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது 85 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக இளகும். சூடு அதற்குக் கீழே இறங்கிவிட்டால் கேரட் மணிக்கணக்கானாலும் கடினமாகவே இருக்கும். ஸ்லோ குக்கரில் காயை அடியில், சூட்டுக்கு அருகில் போடச் சொன்னது இதனால்தான். புளிப்பும் பெக்டினை இறுக்கும். தக்காளியும் எலுமிச்சையும் காயும் பயறும் வெந்த பிறகே சேர வேண்டும். கொண்டைக்கடலை போன்றவற்றை உப்புத் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்தால் தோல் சீக்கிரம் இளகும். உப்பு பயறை வேகவிடாது என்ற பழைய நம்பிக்கைக்கு மாறாகவே என் அனுபவமும் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினமான தண்ணீர் நேரத்தை நீட்டும். கையளவுப் பயறுக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா அதற்கு உதவும், கூடினால் சோப்புச் சுவை வந்துவிடும். மொத்தத்தில் இறைச்சிக்குப் பெட்டி, முழுப் பயறுக்குக் குக்கர் என்பது என் முடிவு. இரண்டும் கலந்த உங்கள் குழம்புக்குப் பயறைக் குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, இறைச்சியோடு சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

ராஜ்மா பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அதில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அழியும். 80 டிகிரியில் மணிக்கணக்காக வைத்தால் அழியாது, பச்சையாக இருந்ததைவிட வீரியம் கூடவும் வாய்ப்புண்டு. சில பயறு மணிகளே கடுமையான வாந்தியை உண்டாக்கப் போதும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வையுங்கள். அதன் பிறகே ஸ்லோ குக்கரோ பெட்டியோ. இந்த ஓர் இடத்தில் மட்டும் எரிபொருள் கணக்கைப் பார்க்காதீர்கள்.

பெட்டியில் வைக்கும் எதற்கும் பாதுகாப்பு எல்லை 60 டிகிரி. அதற்குக் கீழே இறங்கிய உணவில் கிருமிகள் பெருகத் தொடங்கும். கொதியிலும் சாகாத வித்துகளை விட்டுச்செல்லும் கிருமிகள் உண்டு. இறைச்சிக் குழம்பில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் அப்படிப்பட்டது, 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகக் கூடியது. மறுபடி கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் போன்றவை விட்டுச்செல்லும் சில நச்சுகள் கொதித்தாலும் அழிவதில்லை. சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த முறையில் நீங்கள் செலவழிக்க வேண்டியது அது ஒன்றுக்குத்தான். முதல் சில முறை பெட்டியைத் திறந்தவுடன் அளந்து குறித்து வையுங்கள். 65க்கு மேல் இருந்தால் நிம்மதியாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறலாம். 60க்குக் கீழே இருந்து, எப்போது இறங்கியது என்றும் தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் ஒருமுறை எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப வையுங்கள். இரவு முழுதும் விட்டுவிடுவது என் வழக்கமில்லை.

இன்னொன்று: அழுத்தத்தோடு இருக்கும் பிரஷர் குக்கரைத் துணியால் பொதிந்து பெட்டியில் வைக்காதீர்கள். வால்வு அடைபட்டால் ஆபத்து. மின்கருவிகளையும் போர்வையால் சுற்றக் கூடாது.

சமையல் பக்குவத்தில் சில மாற்றங்கள் தேவைப்படும். பெட்டியில் ஆவி போகாது, அதனால் குழம்பு சுண்டாது. வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் கால் பங்கைக் குறையுங்கள். இறைச்சி, வெங்காயம் இரண்டையும் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். வறுவலின் மணம் 140 டிகிரியை ஒட்டி உண்டாவது. தண்ணீரில் அது கிடைக்கவே கிடைக்காது, எவ்வளவு நேரம் வைத்தாலும். அந்த ஏழெட்டு நிமிடப் பெருந்தீயை வீண் என்று நான் நினைக்கவில்லை. கெட்டிப்படுத்த ஒரு உருளைக்கிழங்கை மசித்துவிடலாம், அல்லது வெந்த பயறில் ஒரு கரண்டியை நசுக்கலாம். பாலும் தேங்காய்ப்பாலும் கடைசிக் கொதியில் சேரட்டும். மூடியிருந்ததால் மணம் உள்ளேயே நிற்கும், வாசனைப் பொருட்களைச் சற்றுக் குறைத்தே போடுங்கள்.

வெயில் நன்றாக விழும் இடத்தில் இருப்பவர்களுக்குச் சூரிய அடுப்பும் மெதுச் சமையலுக்கு ஏற்றதுதான். 1767இல் தொடங்கிய சோதனைகளில் சோசூர் என்ற சுவிஸ் அறிஞர் கண்ணாடி அடுக்குகள் கொண்ட பெட்டியில் வெயிலை மட்டும் வைத்துப் பின்னர் 100 டிகிரியைத் தாண்டிக் காட்டினார். மேகம் வந்தால் சூடு இறங்கும் என்பதால் இறைச்சியை அதில் நம்பி விடுவதில்லை. காய், கிழங்குக் குழம்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுப்புக்கு வெளியேயும் மிச்சம் இருக்கிறது. உறைந்த இறைச்சியை முந்தின நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். ஒரு கிலோ இறைச்சியின் பனி உருகவே 0.06 யூனிட்டுக்கு மேல் பிடிக்கும், அந்தச் சூட்டை அடுப்பு தர வேண்டியதில்லை. குளிர்பதனப் பெட்டிக்கும் அதனால் வேலை குறையும். சமைத்தால் இருமடங்கு சமையுங்கள். பாத்திரமும் நிறையும், அடுத்த வாரத்துக்கும் ஆகும். மீதத்தைத் தட்டையான கலன்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு அப்படியே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்காக வெதுவெதுப்பில் கிடக்கும்.

மொத்தக் கணக்கைக் கேட்டால், இண்டக்ஷனில் கொதிக்கவைத்துப் பெட்டியில் வேகவைத்து, கடைசியில் ஒரு கொதி விட்ட 3 கிலோ குழம்புக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பிரஷர் குக்கருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். பெட்டிதான் எல்லாவற்றிலும் மலிவு என்று பெருமைக்காகச் சொல்ல மாட்டேன். அவசரமென்றால் குக்கர், இறைச்சியின் பதம் முக்கியமென்றால் பெட்டி. ஸ்லோ குக்கர் இவற்றைப்போல இரண்டரை, மூன்று மடங்கு. நீங்களே சரிபார்க்க விரும்பினால், சுவர் இணைப்புக்கும் கருவிக்கும் நடுவில் செருகும் சிறிய மின் அளவி கிடைக்கிறது. எரிவாயு என்றால் சமைக்கும் முன்னும் பின்னும் சிலிண்டரை எடை பார்க்கலாம்.

இந்த விடுமுறையில் வெப்பமானியைத் தவிரப் புதிதாக எதையும் வாங்காமல் தொடங்குங்கள். காலையில் வழக்கம்போல வறுத்து, கொதிக்கவிட்டு, மூடி போட்டு இருபது நிமிடம். பிறகு பாத்திரத்தைத் துண்டில் சுற்றி, இரண்டு தடித்த போர்வைகளுக்கு நடுவில், அடியில் ஒரு தலையணை, மேலே ஒரு தலையணை வைத்து ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்துத் திறந்து முதலில் வெப்பமானியை நடுவில் செருகுங்கள், பிறகு ஒரு துண்டைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். 75க்கு மேல் இருந்தும் நார் பிரியவில்லை என்றால் ஒரு கொதி விட்டு மறுபடி ஒரு மணி நேரம் போர்வைக்குள் வையுங்கள். 70க்குக் கீழே, ஆனால் 60க்கு மேல் இருந்தால் பொதிவு போதவில்லை. அன்றைக்கு அடுப்பிலேயே முடித்துவிட்டு, அடுத்த முறை மேல்பக்கத்துக்கு இன்னொரு போர்வை சேருங்கள்.